எடைக் குறைப்பிற்காகச் சுட்ட முழுத்தானிய பிரெட்: இதுவரை செய்து பார்த்தவை

எடையைக் குறைக்க விரும்புவோர் முதலில் விட வேண்டிய உணவு பிரெட் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை முற்றிலும் விடுவதைவிட, முழுத்தானிய மாவில் நானே சுட்டு, அளந்து உண்டு பார்ப்பது நல்லது என்று தோன்றியதால் இந்த முயற்சியைத் தொடங்கினேன். மாவில் கை வைப்பதற்கு முன் கணக்குப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. 100 கிராம் மைதாவில் சுமார் 360 கலோரியும், அதே எடையுள்ள முழுக்கோதுமை மாவில் சுமார் 340 கலோரியும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை நம்பி எடை குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரிய வேறுபாடு நார்ச்சத்தில்தான் உள்ளது: மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு, முழு மாவில் 10 கிராமுக்கு மேல். ஆகவே, ஒரே அளவு கலோரியை உண்டபின் எவ்வளவு நேரம் பசியின்றி இருக்க முடிகிறது என்பதையே என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இந்த அளவுகோலுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன்னா ஹோல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 38 உணவுகளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 240 கலோரி அளவில் உண்ணக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு நிறைந்த உணர்வை அளந்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 என்று மதிப்பு வைத்தபோது, முழுக்கோதுமை பிரெட் 157 பெற்றது. என் அனுபவமும் இதே திசையில்தான் இருக்கிறது. ஒரே கலோரி அளவில் இருவகை பிரெட்டையும் வெவ்வேறு காலைகளில், ஒவ்வொரு முறையும் ஒரு வேகவைத்த முட்டையுடன் உண்டு பார்த்தேன். வெள்ளை பிரெட் உண்ட நாள்களில் நண்பகலுக்கு வெகு முன்பே ஏதேனும் கொறிக்கத் தோன்றியது. முழுக்கோதுமை பிரெட் உண்ட நாள்களில் பெரும்பாலும் அப்படித் தோன்றவில்லை.

முழு மாவு பிரெட் செங்கல்லைப் போல் கனத்துவிடுகிறது என்பது பலரின் குறை. அதற்குக் காரணம் தவிடு. கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு தவிடுதான். அதன் கூரிய துகள்கள், பிசையும்போது உருவாகி மாவை உப்பித் தாங்கச் செய்யும் குளுட்டன் என்னும் புரத இழைகளை அறுப்பதோடு, தண்ணீரை மெதுவாக, ஆனால் நிறைய உறிஞ்சவும் செய்கின்றன. மாவின் எடையில் 65 விழுக்காடு தண்ணீர் சேர்த்தால் பிசையும்போது பதமாகத்தான் தெரிகிறது; அரை மணி நேரத்தில் மாவு இறுகி, பின்னர் ஓவனில் உப்ப மறுக்கிறது. 75 விழுக்காட்டிற்கு உயர்த்தியபோது தொடக்கத்தில் கையில் ஒட்டினாலும் பலன் நன்றாக இருந்தது. பிரெஞ்சு பிரெட் வல்லுநர் ரேமோன் கால்வெல் 1974இல் முன்வைத்த 'ஆட்டோலிஸ்' முறை இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. உப்பும் ஈஸ்ட்டும் சேர்க்காமல், மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து நாற்பது நிமிடம் மூடி வைத்தால், தவிடு ஊறி மென்மையாகிறது. குளுட்டனும் பிசையாமலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறது. என் கருத்தில், முழு மாவு பிரெட்டுக்கு இதைவிடப் பயனுள்ள உத்தி வேறில்லை.

சர்க்கரையையும் எண்ணெயையும் முழுவதுமாக நீக்கிவிட்டேன். மாவில் இயல்பாகவே உள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்து ஈஸ்ட்டுக்கு வேண்டிய சர்க்கரையை உருவாக்கிக் கொடுப்பதால், தனியாகச் சேர்க்கும் தேவை இல்லை. எண்ணெய் மென்மையைத் தருவது உண்மைதான்; ஆனால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உள்ளது, ஊறவைக்கும் நேரமே அந்த மென்மையில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது.

இந்த முயற்சியில் நான் மிகவும் மதிக்கும் மாற்றம் அடுத்து வந்தது. கிளைசெமிக் குறியீடு என்பது ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை, குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக் காட்டும் எண். 2008இல் வெளியான பன்னாட்டு கிளைசெமிக் குறியீட்டு அட்டவணையில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75 என்றும், முழுக்கோதுமை பிரெட்டின் சராசரி 74 என்றும் காணப்படுகிறது. நைசாக அரைத்த மாவில், தவிடு உடனிருந்தாலும், மாவுச்சத்து செரிமான நொதிகளுக்கு எளிதில் கிடைத்துவிடுகிறது. அதே அட்டவணையில் சிறப்புத் தானிய பிரெட்டுகளின் சராசரி 53தான். முழு மணிகளும் உடைத்த மணிகளும் சேர்ந்த பிரெட்டுகளில் மாவுச்சத்து மணிக்குள்ளேயே ஓரளவு காக்கப்படுகிறது. ஆகவே 500 கிராம் தானியத்தில் 100 கிராமை உடைத்த கோதுமையாக மாற்றி, 130 கிராம் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்துச் சேர்க்கத் தொடங்கினேன். ஊறாத நொய் மாவிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஊறல் கட்டாயம். இவ்வாறு சுட்ட பிரெட்டை விரைவாக விழுங்க முடியாது, மென்றுதான் உண்ண வேண்டும். உண்ணும் வேகம் தானாகவே குறைந்தது. இரண்டாவது துண்டோடு நிறுத்திக்கொள்வதும் எளிதாயிற்று.

இப்போதைய அளவு இதுதான்: முழுக்கோதுமை மாவு 400 கிராம், ஊறிய கோதுமை நொய், மாவுக்குத் தனியாகத் தண்ணீர் 300 கிராம், உப்பு 8 கிராம், உடனடி ஈஸ்ட் 4 கிராம். டின்னில் வைத்த பின், இரு மடங்காகும் வரை காத்திருக்காமல் ஒன்றரை மடங்கில் ஓவனுக்கு மாற்றுகிறேன். இந்த மாவு அதற்கு மேல் தாங்குவதில்லை. 220 பாகை செல்சியசில் பதினைந்து நிமிடமும், 190இல் அரை மணி நேரமும் சுட்டு, உள்வெப்பம் 95 பாகையைத் தொட்டதும் எடுக்கிறேன். முற்றிலும் ஆறுவதற்கு முன் வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும்.

எடைக் குறைப்பு என்ற நோக்கில், சமையலறைத் தராசு ஓவனைவிட முக்கியம் என்றே சொல்வேன். 940 கிராம் ஈர மாவு சுட்டபின் ஏறத்தாழ 830 கிராமாகிறது. மொத்தக் கலோரி சுமார் 1700. அப்படியானால் 45 கிராம் துண்டில் சுமார் 92 கலோரி. கடையில் இயந்திரத்தால் வெட்டிய மெல்லிய துண்டு 30 கிராம் அளவில் இருக்கும்; கத்தியால் மனம்போல் வெட்டிய வீட்டுத் துண்டோ எளிதாக 70 கிராமைத் தாண்டிவிடும். அந்தத் தடிமனில் மூன்று துண்டுகள் 400 கலோரிக்கு மேல் போய்விடும். நல்ல மாவு என்ற ஆறுதலில் அளவு கூடிவிடுவதே வீட்டு பிரெட்டின் உண்மையான ஆபத்து. எனவே ஆறியவுடன் முழுவதையும் 45 கிராம் துண்டுகளாக வெட்டி, உறைபெட்டியில் வைத்து, தேவையானதை மட்டும் நேரடியாக டோஸ்ட் செய்கிறேன். சாதாரண குளிர்பெட்டியில் வைப்பதில்லை. அந்த வெப்பநிலையில்தான் மாவுச்சத்து விரைவாக இறுகி பிரெட் வறண்டுபோகிறது.

எடை மெதுவாக, ஆனால் தொடர்ந்து இறங்கி வருகிறது. அதில் பிரெட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது நேர்மையாகாது, ஏனெனில் இடைவேளைத் தின்பண்டங்களும் இதே காலத்தில் குறைந்துவிட்டன. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்புசமாகும் என்பதால், இதைச் செய்து பார்ப்பவர்கள் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். குளுட்டன் ஒவ்வாதவர்களுக்கு இந்த பிரெட் எவ்விதத்திலும் பொருந்தாது.

அண்மையில் மாவில் ஐந்தில் ஒரு பங்கைப் பார்லி மாவாக மாற்றியிருக்கிறேன். பார்லியிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து வயிற்றில் கூழ்போலாகிச் செரிமானத்தை மெதுவாக்குகிறது. சுவையில் இலேசான இனிப்பும் உள்ளே நல்ல ஈரப்பதமும் கிடைத்தன. ஆனால் பார்லியின் புரதம் வலுவான குளுட்டனைத் தராததால் உயரம் குறைந்துவிட்டது. அடுத்த முறை பார்லியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, முதல் புளிப்பின்போது மாவை இரண்டு முறை மடித்து வைத்துப் பார்க்கப் போகிறேன்.