வாரக் குறியீடும் ஈயம் வைத்த இடமும்

சென்ற மே மாதம் நண்பர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பழைய பிக்கார்டு (கிட்டாரின் முகப்பில் திருகும் தகடு) ஒன்றை, அதில் பொருத்தியிருந்த கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் மூன்று பிக்கப்புகள், ஒலியளவையும் தொனியையும் மாற்றும் மூன்று கண்ட்ரோல்கள், சுவிட்ச், ஒயர்கள் ஆகிய அனைத்தோடும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 1963ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்றிலிருந்து கழற்றியது, ஒரு பாகம்கூட மாற்றப்படாதது என்பது விற்றவரின் வாக்கு. அதற்குச் சான்றாக அவர் அனுப்பியிருந்தது ஒரே ஒரு புகைப்படம்தான். வால்யூம் கண்ட்ரோலின் உலோகக் கூட்டில் பொறித்திருந்த எண், 304 6320 என்று அதில் தெளிவாகத் தெரிந்தது.

அந்த எண்ணைப் படிப்பது எளிது. அமெரிக்க மின்னணுப் பாக உற்பத்தியாளர்கள் பின்பற்றிய பொதுக் குறியீட்டு முறையில், முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ், 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்து வருவது ஆண்டு, கடைசி இரண்டு இலக்கங்கள் வாரம். ஆகவே 304 6320 என்பது ஸ்டாக்போல் 1963இன் இருபதாவது வாரத்தில் செய்தது. 1950களின் பாகங்களில் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே ஓர் இலக்கம்தான் இருக்கும் என்பதால், அங்கே எந்தப் பத்தாண்டு என்பதை மற்ற பாகங்களைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். வார எண் 53ஐத் தாண்டியிருந்தால், ஒன்று நாம் தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது அது வேறு ஏதோ எண்.

இந்தக் குறியீடு உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கிட்டார் இந்த வாரத்துக்கு முன்பு முழுமை பெற்றிருக்க முடியாது. எவ்வளவு பின்பு என்பதை அது சொல்லாது. ஃபெண்டர் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனம் வாங்கிய பிறகு, 1966இல் சிடிஎஸ் கண்ட்ரோல்கள் பெருமளவில் வாங்கி இருப்பு வைக்கப்பட்டன. அதனால் 1960களின் இறுதியில் செய்த கிட்டார்களிலும் 1966ஆம் ஆண்டுக் குறியீடு சாதாரணமாகக் கிடைக்கிறது. இன்னொரு செய்தியையும் மறக்கக் கூடாது. இந்த நிறுவனங்கள் கிட்டாருக்காக மட்டும் கண்ட்ரோல் செய்யவில்லை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்தே செய்தன. 1963ஆம் ஆண்டு வானொலியிலிருந்து கழற்றிய கண்ட்ரோலை எந்தக் கிட்டாரிலும் வைக்கலாம். அப்போதும் குறியீடு உண்மையே சொல்லும். கிட்டாரைப் பற்றிய வாக்கு மட்டும் பொய்யாகிவிடும்.

அதனால் நான் எண்ணைக் குறித்துக்கொண்ட உடனே பூதக்கண்ணாடியை எடுப்பது, நம் ரேடியோ மெக்கானிக்குகளின் சொல்லில் சொன்னால், ஈயம் வைத்த இடங்களை, அதாவது ஒயர்களைப் பற்றவைத்த இடங்களைப் பார்க்கத்தான். தொழிற்சாலையில் ஒரே ஒருமுறை உருகி உறைந்து, அறுபது ஆண்டுகள் யாரும் தொடாமல் இருந்த ஈயம் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அதன் விளிம்பில் ஃப்ளக்ஸ் (பற்றவைக்கும்போது சேர்க்கும் பிசின்) கண்ணாடி போல மஞ்சளும் பழுப்புமாக உறைந்திருக்கும். அதன்மேல் படிந்த தூசி விரலால் தேய்த்தால் முழுதாகப் போகாது. மறுபடி சூடுபட்ட இடத்தில் இந்த அடுக்குகளின் ஒழுங்கு குலைந்துவிடும். பழைய ஃப்ளக்ஸ் கருகியிருக்கும் அல்லது துடைக்கப்பட்டிருக்கும். துணி உறையிட்ட ஒயரின் முனை பொசுங்கியிருக்கும். பழைய ஈயத்தின்மேல் புதியது தனி அடுக்காக ஏறி நிற்கும். எண்ணைப் பொறிக்கலாம், லேபிளை அச்சிடலாம், செயற்கையாகத் துருவேற்றலாம். ஆனால் ஒரு கம்பியை மாற்றிவிட்டு, மாற்றாதது போல அந்த இடத்தைத் திரும்ப அமைப்பது மிகக் கடினம்.

நண்பரின் பிக்கார்டில் மூன்று கண்ட்ரோல்களும் 1963இன் வசந்த கால வாரங்களைச் சேர்ந்தவை. டோனுக்கான 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், வட்டத் தட்டு வடிவில், அதன் முதல் ஈயத்தோடு அப்படியே இருந்தது. ஆனால் சுவிட்சில் நடு பிக்கப்பின் ஒயர் சேரும் முனையில் ஈயம் பளிச்சென்றிருந்தது. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில், அந்தப் பிக்கப்பின் எர்த் ஒயர் வந்து சேரும் இடத்தில் மட்டும், இரண்டு அடுக்குகள் தெரிந்தன. ஒரே பிக்கப்பின் இரு ஒயர்களும் போய்ச் சேரும் இரு இடங்களும் தொடப்பட்டிருந்தால் சந்தேகம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிக்கப்புகளைத் திருப்பினோம். முன்னதும் பின்னதும் கருப்பு ஃபைபர் அடித்தட்டு கொண்டவை. காந்தங்களைச் சுற்றியிருந்த 42 கேஜ் கம்பி தேன் நிறத்தில், ஃபார்ம்வார் என்னும் மின்காப்புப் பூச்சோடு இருந்தது. நடுவிலிருந்ததன் அடித்தட்டு சாம்பல் நிறம். கம்பி கருஞ்சிவப்பு சாயலுள்ள சாதாரண எனாமல். ஃபெண்டர் இந்த இரண்டு மாற்றங்களையும் செய்தது 1964ஐ ஒட்டித்தான் என்பதால், 1963இல் முடிந்த கிட்டாரில் அந்தப் பிக்கப் இருக்க வழியில்லை. அதுவும் ஃபெண்டரே செய்த பழைய நல்ல பிக்கப்தான், போலியன்று. பொருள் உண்மையானது, அது இருக்கும் இடம்தான் தவறு. சந்தையில் முழுப் போலியைவிட இத்தகைய கலவையைத்தான் நான் அதிகம் காண்கிறேன்.

இந்த இடத்தில் ஓம் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பின் பிக்கப்பின் மின்தடை 5.8 கிலோ ஓம் என்று விற்றவர் எழுதியிருந்தார்; என் மல்டிமீட்டர் 6.1 காட்டியதும் நண்பர் பதறிவிட்டார். அதில் குற்றம் ஏதுமில்லை. செப்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரி அறையில் 5.8 காட்டும் சுருள், சென்னை மே மாதத்தில் 33 டிகிரி அறையில் 6.1 காட்டுவதுதான் சரி. வெப்பநிலையைச் சொல்லாமல் எழுதப்படும் ஓம் அளவை நான் அடையாளச் சான்றாகக் கொள்வதில்லை. கையால் வழிநடத்திச் சுற்றிய அந்தக் காலத்துச் சுருள்களில் ஒன்றுக்கொன்று வேறுபாடு இயல்பு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிக்கார்டு எந்த ஐயத்துக்கும் இடம் தரவில்லை. 1959 முதல் 1965 வரை ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வந்த மூவடுக்குப் பிக்கார்டு செல்லுலாய்டால் ஆனது. வெள்ளையாகப் பிறந்து மெல்ல இளம்பச்சை ஏறியது. செல்லுலாய்டு என்பது நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது என்பதால், மறைவான விளிம்பு ஒன்றை விரலால் சூடேறத் தேய்த்தால் நமக்கு நன்கு பழகிய அந்த மணம் எழும். கற்பூரம் மெதுவாக வெளியேற வெளியேறத் தகடு சுருங்குகிறது. திருகுத் துளைகள் உடலின் துளைகளை விட்டு விலகுகின்றன. திருகுகளை ஒட்டி விரிசல் விழுகிறது. இதில் மணமும் சுருக்கமும் விரிசலும் இருந்தன. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை ஒன்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றி மிக வேகமாக எரியும் பொருள். அதைச் செய்யவே கூடாது.

லேபிளை நம்புவதன் அபாயத்துக்குக் கிப்சன் என்ற கிட்டார் நிறுவனத்தின் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. சேத் லவர் வடிவமைத்த அந்தப் பிக்கப்புக்கு 1955 ஜூனில் காப்புரிமை கோரப்பட்டு, 2,896,491 என்ற எண்ணில் 1959 ஜூலை 28 அன்று வழங்கப்பட்டது. ஆனால் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று பொருள்படும் சிறிய கருப்பு லேபிள் 1962 வரை அதன் அடியில் ஒட்டப்பட்டு வந்தது. பிறகு வந்த லேபிளில் அச்சான எண் 2,737,842. அது கிட்டார் கலைஞர் லெஸ் பால் பெற்ற, கம்பிகளைத் தாங்கும் பாலமும் வால்பகுதியும் இணைந்த அமைப்பின் காப்புரிமை எண். பிக்கப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆக, தவறான எண் இருப்பதுதான் அசல் லேபிளின் அடையாளம்.

இன்று அந்த லேபிளின் நகல் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. எனவே பார்க்க வேண்டியவை அடித்தட்டின் கால்களில் உள்ள கருவித் தடங்கள், சுருள் சட்டத்தின் வார்ப்பு, கம்பியின் நிறம், உலோக மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு ஈயத் துளிகள். இங்கேதான் எனக்குப் பெரிய மனவருத்தம். 1959, 1960 காலத்தில் சில பிக்கப்புகளுக்குக் கருப்புக்குப் பதில் வெள்ளைச் சட்டம் வந்தது. அவற்றின் விலை அதிகம் என்பதால், உள்ளே வெள்ளை இருக்கிறதா என்று பார்க்கவே அறுபதாண்டு ஈயத்தை உருக்கி மூடியைத் திறக்கிறார்கள். அந்த இரண்டு துளிகள் போன பிறகு, அதே பிக்கப்புக்கு அதைவிட வலுவான சான்று ஒன்று மீண்டும் கிடைக்காது. மூடியைத் திறக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் மறுத்துவிடுகிறேன்.

நண்பர், நடுவிலிருந்த சாம்பல் தட்டுப் பிக்கப்பை எடுத்துவிட்டு, கருப்புத் தட்டுள்ள ஒன்றைத் தேடி வாங்கி வைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படிச் செய்தால் அதே இரு இடங்களில் மூன்றாவது முறையாகச் சூடுபடும். அடுத்து வாங்குகிறவருக்கு இப்போது நாம் படித்ததைப் படிக்க வழி இருக்காது. பிக்கார்டை அப்படியே மூடி, அதனோடு ஒரு தாளில் இவ்வாறு எழுதிக் கொடுத்தேன்: கண்ட்ரோல்கள் மூன்றும் 1963, முதல் ஈயம், வால்யூமின் முதுகில் ஓரிடம் மட்டும் மறுசூடு, முன், பின் பிக்கப்புகள் கருப்புத் தட்டு, ஃபார்ம்வார், நடுப் பிக்கப் பின்னாளில் வைத்தது, சாம்பல் தட்டு, எனாமல் கம்பி, பின் பிக்கப்பின் அளவு 6.1 கிலோ ஓம், அறை வெப்பம் 33 டிகிரி.