மோனிக்கம்மாளின் கூடையும் பாட்டியின் வர்க்கியும்

கல்லறைத் திருநாளன்று குன்னூரில் மழை தூறாத வருஷம் என் நினைவில் இல்லை. இந்த நவம்பர் 2-ம் தேதியும் அப்படித்தான், மதியத்துக்கு மேல் தேயிலைச் சரிவிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து சிலுவைகளை மூடிக்கொண்டது. மெழுகுவர்த்தி நிற்காது என்று தெரிந்து சித்தி பழைய எண்ணெய் டின் ஒன்றை ஒரு பக்கம் வெட்டி எடுத்து வந்திருந்தார், அதைக் கவிழ்த்து அதற்குள் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். சுண்ணாம்பு முந்தின நாளே அடித்தாயிற்று. செவ்வந்தி தூவினோம், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். அப்புறம் பாட்டி கூடையைத் திறந்தார்.

உள்ளே ஒரு பிளாஸ்க், ஒரு எவர்சில்வர் டம்ளர், காகிதத்தில் சுற்றிய வர்க்கி, எங்கள் மலைப்பக்கத்து மொறுமொறு பிஸ்கட். தாத்தா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவர், நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் இல்லாமல் இருக்கமாட்டார். பாட்டி டம்ளரில் டீயை ஊற்றித் தலைமாட்டில் வைத்தார். ஒரு வர்க்கியை இரண்டாக உடைத்து, பாதியை டீயில் நனைத்துக் கல்லின்மேல் வைத்தார். மீதி எங்களுக்கு.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் இப்போது வேறொரு சபைக்குப் போகிறான். "அக்கா, இது புறஜாதிப் பழக்கம், கிறிஸ்தவங்களோடது இல்ல. ஆதித் திருச்சபையில இதெல்லாம் கிடையாது. பாட்டிகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையான கவலையோடுதான் சொன்னான். அதனால்தான் அங்கே நின்று வாதாடாமல் வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

தம்பி, ஆதித் திருச்சபையில் இது இருந்தது. புறஜாதிப் பழக்கம் என்று நீ சொன்னதும் சரிதான், ஆனால் அது ரோமாபுரியின் புறஜாதிப் பழக்கம்.

ரோமர்களுக்கு பிப்ரவரி 13 முதல் 21 வரை பேரன்டாலியா என்று இறந்த பெற்றோருக்கான நாட்கள் உண்டு. ஊருக்கு வெளியே இருக்கும் கல்லறைக்குப் போவார்கள். என்ன கொண்டுபோக வேண்டும் என்று ஓவிட் என்ற கவிஞர் எழுதி வைத்திருக்கிறார்: மாலை, கொஞ்சம் தானியம், நாலு உப்புக்கல், திராட்சை ரசத்தில் நனைத்த அப்பம், உதிரி வயலட் பூக்கள். நனைத்த அப்பம் என்று படித்ததும் எனக்குப் பாட்டியின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. சில கல்லறைகளில் உள்ளே ரசம் இறங்குவதற்குக் குழாயே பதித்திருந்தார்கள்.

இந்த மக்கள்தான் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். ஞானஸ்நானம் வாங்கியவனுக்கும் செத்துப்போன அம்மா ஒருத்தி இருந்தாள், அவளை எப்படிப் பட்டினி போடுவான்? ரோமில் ஆப்பியா சாலையில் இருக்கும் புனித செபஸ்தியார் நிலத்தடிக் கல்லறையில், மூன்றாம் நூற்றாண்டில் விசுவாசிகள் கூடிச் சாப்பிட்ட இடத்தின் சுவரில் நூற்றுக்கணக்கான கிறுக்கல்கள் இருக்கின்றன, பேதுருவுக்கும் பவுலுக்கும் 'ரெஃப்ரிஜேரியம்' என்ற நினைவு விருந்து செய்தேன் என்று சாதாரண ஆட்கள் கீறி வைத்தவை. அல்ஜீரியாவின் திபாசாவில் ஒரு கல்லறை விருந்து மேடையில், கிறிஸ்துவாகிய கடவுளில் நம் விருந்துக்குச் சமாதானமும் ஒற்றுமையும் உண்டாகட்டும் என்று மொசைக் கல்லால் எழுதியிருக்கிறது.

ரெஃப்ரிஜேரியம் என்ற லத்தீன் சொல்லுக்கு நேர் பொருள் குளிர்வித்தல். வயிறு குளிர்ந்தது என்று நாம் சொல்கிறோமே, அதேதான். நம் பூசையில் சொல்லும் நற்கருணை மன்றாட்டுகளில் முதலாவதில், இறந்தவர்களுக்காக வேண்டும் இடத்தில், லத்தீன் மூலத்தில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. அதேபோல, சாகப்போகிறவருக்குக் கொடுக்கும் கடைசி நன்மைக்கு, அதாவது நற்கருணைக்கு, லத்தீனில் வியாத்திகம் என்று பெயர், பயணத்துக்கான கட்டுச்சோறு என்று அர்த்தம்.

உன் பக்கம் நிற்பதற்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். புனித அகுஸ்தினார் தன் வாழ்க்கையைக் கடவுளிடம் சொல்வதுபோல எழுதிய நூலில், ஆறாம் பகுதியில் இது வருகிறது. 385-ஐ ஒட்டி அவருடைய அம்மா மோனிக்கம்மாள் ஆப்பிரிக்காவிலிருந்து மிலான் நகருக்கு மகனைத் தேடிப் போகிறார். தன் ஊர் வழக்கப்படி கூழும் அப்பமும் திராட்சை ரசமும் கூடையில் எடுத்துக்கொண்டு, விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கல்லறைக்குப் போனால், வாசற்காவலர் உள்ளே விடவில்லை. ஆயர் அம்புரோஸ் தடுத்திருக்கிறார் என்கிறார். காரணம் இரண்டு, குடித்து ஆட்டம் போடுகிறவர்களுக்கு இது சாக்காகிவிடக் கூடாது, அப்புறம் இது பேரன்டாலியா மாதிரியே இருக்கிறது. மோனிக்கம்மாள் முணுமுணுக்காமல் நிறுத்திக்கொண்டார், கூடைக்குப் பதிலாக நெஞ்சு நிறைய ஜெபம் கொண்டுபோனார், முடிந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று மகன் எழுதுகிறார். அவர் எத்தனை கல்லறைக்குப் போனாலும் ஒரே சின்னக் கிண்ணம்தான், அதிலும் தண்ணீர் கலந்த ரசம், அதையே எல்லோரோடும் பகிர்ந்து ஒரு மடக்குதான் குடிப்பார் என்பதையும் அகுஸ்தினார் விடாமல் சொல்கிறார். அம்மாவை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த பிள்ளை.

ஆக, ஒரு காலத்தில் ஆயரே தடுக்கும் அளவுக்கு அது நம் வழக்கமாக இருந்தது. அதைக் கலப்படம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரோமர்கள் பிப்ரவரி 22-ல் உயிரோடிருக்கும் சொந்தபந்தங்கள் கூடிச் சாப்பிடுவார்கள், 354-ம் வருஷத்து ரோமாபுரி நாட்காட்டியிலேயே அந்த நாள் பேதுருவின் இருக்கைத் திருநாளாக இருக்கிறது, இன்றும் நம் நாட்காட்டியில் அதே தேதிதான். பவுலை எடுத்துக்கொள். ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் நின்று, 'உங்கள் புலவர்களிலும் சிலர்' என்று தொடங்கி, 'நாம் அவருடைய சந்ததியார்' என்ற வரியைச் சொல்கிறார். அது அராத்தோஸ் என்ற கிரேக்கர் சேயுஸ் தெய்வத்தைப் பற்றிப் பாடிய வரி. யோவான் தன் நற்செய்தியை 'வார்த்தை' என்று தொடங்கும்போது எடுக்கும் லோகோஸ் என்ற சொல்லும் கிரேக்கத் தத்துவ ஞானிகள் பல நூற்றாண்டு புழங்கிய சொல். கேட்கிறவனின் வீட்டுப் பாஷையில் பேசாமல் அவனிடம் எதை நம்பச் சொல்ல முடியும்?

நேற்று ராத்திரி மோனிக்கம்மாள் கதையைப் பாட்டிக்குச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். "உள்ள விடலைன்னதும் கூடையில இருந்ததை என்ன செஞ்சாங்க?" என்றார். அன்றைக்கு என்ன செய்தார் என்று எழுதவில்லை பாட்டி, அதற்கப்புறம் ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, அடுத்த வருஷம் வர்க்கி ஒரு கிலோவா வாங்கிரு" என்றார். "கல்லறை வாசல்ல நனைஞ்சுகிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கும் டீ ஊத்தலாம். பெரிய பிளாஸ்க்கா பாத்து எடுத்துவை."