ஈர்க்கு

கிளிநொச்சிச் சந்தை, செருப்புக் கடை. எனக்கு முன்னால் நின்ற அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஈர்க்குத் துண்டை எடுத்துச் செருப்பில் வைத்து அளந்தார்.

"மகன் வரேல்லையோ அக்கா?"

"அவன் உள்ள. போன முறை பாக்கப் போகேக்க அளந்தது." கொஞ்சம் யோசித்தார். "ஒரு நம்பர் கூட்டித் தா தம்பி. வளந்திருப்பான்."

பதினைந்து வயதாம். அவனை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்குப் போய்வர ஒரு முழுநாள், இரண்டு பஸ்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலம், பூன்வில்லில் இருந்த பெரிய சிறுவர் பயிற்சிப் பள்ளியை 1983இல் மூடியது. (பெயர்தான் பள்ளி. உள்ளே சிறை.) பதிலுக்கு, வீடுகளுக்குக் கிட்டவே சின்னச் சின்ன இல்லங்கள். பத்துப் பன்னிரண்டு பேராகக் குழுக்கள், கூடவே இருந்து பேசும் ஆட்கள். பூட்டு அங்கேயும் உண்டு. ஆனால் சிகிச்சைதான் முதல் வேலை, அதில் தாய் தகப்பனுக்கும் இடமுண்டு.

இங்கே 2018இல் குற்றப்பொறுப்பு வயதை, அதாவது ஒரு பிள்ளை மேல் குற்றம் சுமத்தக்கூடிய குறைந்த வயதை, 8இலிருந்து 12 ஆக்கினார்கள். சரி, அதைத் தாண்டிய பொடியன்?

கிளிநொச்சிக்குக் கிட்ட, மாங்குளத்தில் இருபது கட்டிலோடு அப்படி ஓர் இல்லம் கட்டலாம். உயர்ந்த மதில்களுக்குக் கொட்டும் காசில் இரண்டு நல்ல உளவளத்துணையாளர்களை வைக்கலாம்.

காசு கொடுத்த பிறகும் அம்மா அந்த ஈர்க்கை எறியவில்லை. திரும்பவும் தலைப்பில் முடிந்துகொண்டார்.