லாக் பட்டன்

பெல்ட் சாண்டர் என்பது உப்புத்தாள் பெல்ட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் மிஷின், ட்ரிக்கரிலிருந்து விரலை எடுத்தாலும் அதை ஓடவைப்பது லாக் பட்டன். அந்த லாக் பட்டனை இனி யாரும் அமுக்கக் கூடாது என்று நான் சொன்னது சரிதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஆசாரி அண்ணன் அதற்குச் சொன்ன பதில் மனதை விட்டுப் போகவில்லை.

"தம்பி, பட்டன் இல்லேன்னா எனக்கு மெசினே இல்ல."

சத்தம்கூடப் போடவில்லை. அவருக்கு வலது ஆள்காட்டி விரல் மடங்காது, எப்போதோ உளி இறங்கி நரம்பு அறுந்துபோனது. ட்ரிக்கரை அழுத்தியபடியே ஒரு கதவு முழுக்க ஓட்ட அந்தக் கையால் முடியாது. லாக் போட்டுவிட்டால் இரண்டு கையாலும் பிடித்து, ரேகை ஓட்டத்திலேயே, எங்கும் நிற்காமல் கொண்டுபோவார். ஒரு நொடி நின்றாலும் 80 நம்பர் பெல்ட் தேக்கில் பள்ளம் பறித்துவிடும். அவர் கதவில் அப்படி ஒரு பள்ளத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் கரண்ட் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், லாக் விடாது. ஒருநாள் அப்படி நின்றுபோன மிஷினைக் கதவு மேலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி, கதவின் ஓரத்தைத் தாண்டி, கீழே தூள் அள்ளிக்கொண்டிருந்த பையனின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது, அதுவும் வயர் இழுபட்டு ப்ளக் கழன்றதால்தான் நின்றது. கரண்ட் போனதும் ப்ளக்கைப் பிடுங்கு என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். சொல்லித்தான் வைத்திருந்தேன். சொன்ன வார்த்தையை நம்பி ஒரு பையனின் காலை எப்படி விடுவது?

இத்தனைக்கும் பட்டறையில் அந்த மிஷினைப் பார்த்துக்கொண்டவர் ஆசாரி அண்ணன் ஒருவர்தான். உள்பக்க அம்புக்குறியைப் பார்த்துத்தான் பெல்ட் போடுவார், ஓரம் ஏறினால் உடனே திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவருவார். ஈரம் ஏறினால் ஒட்டு விட்டுவிடும் என்று பெல்ட்டுகளை மடிக்காமல் உள் அறையில் தொங்கவிடுவார். மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து பொறி தெறித்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார். பழைய கதவு வந்தால் ஆணி எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் மிஷினை வைப்பார், ஆணியில் பட்ட பொறி தூசிப்பைக்குள் போனால் கனிந்துகொண்டே கிடந்து பிறகு பற்றிக்கொள்ளும். இவ்வளவும் தெரிந்தவரிடம் போய் நான் பாதுகாப்பு பேசினேன். பேசாமலும் இருக்க முடியாது.

அடுத்த வாரம் பார்த்தால், ட்ரிக்கர் அழுந்தியே இருக்கும்படி அதைச் சுற்றி சைக்கிள் ட்யூப் துண்டு. இது லாக்கைவிட மோசம். ட்ரிக்கரை ஒரு தடவை அழுத்தி விட்டாலே லாக் விட்டுவிடும், ட்யூப்பை அவிழ்த்தாக வேண்டும். நானே அவிழ்த்துப் போட்டேன். அதிலிருந்து அவர் கட்டையில் பேப்பர் சுற்றிக் கையால்தான் தேய்க்கிறார்.

கையால் தேய்த்தால் தூசியை இழுக்கப் பை கிடையாது. மரத்தூள் மூக்கிலும் சைனஸிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வெளியிட்டுவிட்டது. அவரோ மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்கிறார். அப்படியானால் பையனின் காலுக்காக இவருடைய மூக்கை விட்டுக்கொடுத்தேனா? அப்படிச் சொல்வதும் நியாயமில்லை, பையில் சிக்காத மெல்லிய தூசி முன்பும் அவர் மூக்குக்குள்தான் போனது.

பம்ப்செட் ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருக்கிறது, கரண்ட் போனால் தானே விழுந்துவிடும், திரும்ப நாம் போய்ப் போட்டால்தான் ஓடும். அந்த மாதிரி ஒரு ஸ்விட்சை ப்ளக்குக்கு முன்னால் வைத்துவிட்டால் லாக்கைத் தாராளமாக அமுக்கலாம். முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். புனலூர் ஆர்டர் முடியட்டும் என்கிறார்.

அப்புறம் ஒருநாள் அண்ணன் கேட்டார்: "அப்போ கிரைண்டர் மட்டும் என்ன தம்பி? அதுல ஸ்விட்ச தள்ளிவிட்டா தானாத்தானே ஓடிக்கிட்டு இருக்கு?"

அவர் சொல்வது உண்மைதான். கிரைண்டரில் விரலை எடுத்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கரண்ட் போய் வந்தால் அதுவும் தானாகக் கிளம்பும். அதை நான் தடுக்கவில்லை, தடுத்தால் வேலையே நடக்காது. "அதுக்கும் சேர்த்துத்தான் ஸ்விட்ச் கேட்டிருக்கேன் அண்ணே" என்றேன். கேட்டது சாண்டருக்கு மட்டும்தான். அன்று சாயந்திரம் முதலாளிக்குப் போன் போட்டு இரண்டு ஸ்விட்ச் என்று மாற்றிச் சொன்னேன்.