பேனிக் அட்டாக்குக்கு 12 அமர்வுகள்: சிகிச்சை அறைக்குள் என்ன செய்கிறோம்

பேனிக் அட்டாக் என்னும் திடீர்ப் பயத் தாக்குதலில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோ உயிர் போகப்போகிறது என்று நடுங்கிய ஒருவர், உளவியல் சிகிச்சையாளரிடம் வருவதற்குள் பெரும்பாலும் இதய மருத்துவரைப் பார்த்திருப்பார். இசிஜி சரியாக இருந்திருக்கும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருப்பார்கள். ஒன்றுமில்லையென்றால் ஏன் மறுபடி மறுபடி வருகிறது என்ற கேள்வியோடுதான் எதிரே உட்காருகிறார். அது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை அவர் தன் உடம்பைக் கொண்டே கண்டுபிடிக்க உதவுவதுதான் இந்தச் சிகிச்சை. பொதுவாக 10 முதல் 12 அமர்வுகள், வாரம் ஒன்று, 50 நிமிடம்.

முதல் அமர்வில் "வழக்கமாக எப்படி வரும்?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். கடைசியாக வந்த ஒரே ஒரு தாக்குதலை எடுத்துக்கொண்டு நிமிடம் நிமிடமாகப் போவேன்: எங்கே இருந்தீர்கள், உடம்பில் முதலில் தெரிந்தது எது, அந்த நொடியில் மனதில் ஓடியது என்ன, உடனே என்ன செய்தீர்கள், செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை அவருடைய சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும். "ஹார்ட் நின்னுடும்", "பைத்தியம் புடிச்சிடும்", "எல்லார் முன்னாடியும் விழுந்துடுவேன்" ஆகிய மூன்றும் மூன்று வேறு பயங்கள். பின்னால் கொடுக்கும் பயிற்சிகளும் அதற்கேற்ப மாறும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இதயத் துடிப்புக் கோளாறு, சர்க்கரை இறங்குவது, அளவுக்கு மீறிய காபி எல்லாம் இதே அறிகுறிகளைத் தரக்கூடியவை. இவை பரிசோதிக்கப்படவில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் அனுப்புவதுதான் முறை. மனச்சோர்வை அளக்கும், 9 கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 படிவமும் அன்றே கொடுப்பேன். அதன் 9-வது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 (இல்லவே இல்லை) தவிர எதைக் குறித்திருந்தாலும் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதைத்தான் பேச வேண்டும், பூசி மெழுகாமல், நேராக. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து.

இரண்டாவது அமர்வில் ஒரு வெள்ளைத்தாளில் வட்டம் போடுவோம். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் முன்வைத்த விளக்கம் இது. உடம்பில் ஒரு சின்ன மாற்றம், அதை ஆபத்து என்று மனம் படிக்கிறது, பயம் கூடுகிறது, பயத்தால் உடம்பின் மாற்றம் இன்னும் கூடுகிறது, முன்பு நினைத்தது சரிதான் என்று தோன்றுகிறது. இந்த வட்டத்துக்கு வெளியே, ஒரு பக்கமாக, அவர் தப்பிப்பதற்காகச் செய்வதையெல்லாம் எழுதுவோம். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். சட்டைப் பையில் ஒரு மாத்திரை. வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கை. துணைக்கு ஆள். நாடி பிடித்துப் பார்ப்பது. ஆபத்து வராமல் இருந்ததற்குக் காரணம் இவைதான் என்று மனம் கணக்கு வைத்துக்கொள்வதால், ஆபத்தே இல்லை என்பதைக் கற்கும் வாய்ப்பு நழுவிப்போகிறது. ஆண்டுக்கணக்கில் பயம் தேயாமல் நிற்பது இதனால்தான். இந்தப் பட்டியலுக்கு நான் மற்ற எதையும்விட அதிக நேரம் கொடுப்பேன்.

மூன்றாவது அமர்விலிருந்து அறிகுறிகளை வேண்டுமென்றே வரவழைக்கிறோம். 60 விநாடி வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுவது. மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு, 2 நிமிடம் மூச்சு விடுவது. சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றுவது. நின்ற இடத்திலேயே 1 நிமிடம் ஓடுவது. ஒவ்வொன்றும் முடிந்ததும் இரண்டு எண்கள் கேட்பேன்: பயம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு, உண்மையான தாக்குதலோடு எவ்வளவு ஒத்திருந்தது. ஒற்றுமை அதிகம் தரும் பயிற்சிகள்தான் நமக்கு வேண்டியவை. இதய நோய், வலிப்பு, கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இவற்றைத் தொடக்கூடாது.

தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது. அதுவும் சிகிச்சையாளர் பக்கத்தில். எதிரில் இருப்பவர் முகம் வெளுப்பதைப் பார்த்ததும் 20-வது விநாடியில் "போதும், போதும்" என்று நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால், அவர் பயந்தது சரிதான் என்று நாமே சான்றிதழ் கொடுத்தது போலாகிவிடும். அதனால் முதல் முறை நானும் கூடவே செய்வேன். எனக்கும் தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருபவை இவை; மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. இந்த விளக்கத்தைப் பயிற்சிக்குப் பிறகு சொன்னால்தான் பதிகிறது. முன்கூட்டியே சொன்னால் அதுவும் ஒரு ஆறுதல் வார்த்தையாகப் போய்விடுகிறது.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் கணிப்பை எழுதச் சொல்ல வேண்டும். "1 நிமிடம் செய்தால் மயங்கி விழுவேன், 80 சதவீதம் நிச்சயம்." முடிந்ததும் அதே வரிக்குக் கீழே நடந்ததை எழுதுவது. மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் இறங்கும்போது வருவது, பேனிக் அட்டாக்கில் அழுத்தம் பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். ரத்தம், ஊசி, காயம் கண்டு பயப்படுபவர்கள் இதற்கு விலக்கு. அவர்கள் உண்மையாகவே மயங்கக்கூடும், அவர்களுக்கான பயிற்சி வேறு. பயம் இறங்கியதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சில நாட்களில் இறங்கவே இறங்காது. எழுதிய கணிப்பு பொய்த்ததா என்பதைப் பார்த்தால் போதும்.

வீட்டுப் பயிற்சி தினமும், ஒரே பயிற்சியை 3 முதல் 5 முறை. வாரம் ஒருநாள் மொத்தமாகச் செய்து தீர்த்துவிட்டு வருபவர்களுக்குப் பலன் குறைவு. 5-வது அமர்வுக்குப் பிறகு வெளியே போகிறோம்: லிஃப்ட், கூட்டம் நிறைந்த பேருந்து, நீண்ட வரிசை. முதலில் நான் கூட நிற்பேன், பிறகு கண்ணுக்கு எட்டும் தூரத்தில், பிறகு நான் இல்லாமலே. இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போட்டால் தண்ணீர் பாட்டிலின் இடத்தில் சிகிச்சையாளர் உட்கார்ந்துவிடுவார். "நீங்க இருந்தா எதுவும் ஆகாது" என்ற பாராட்டைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அதுதான் அடுத்த பயிற்சிக்கான கணிப்பு. நிதானமாக மூச்சு விடும் பயிற்சிக்கும் இதே எச்சரிக்கை உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் தாக்குதலைத் தடுக்கும் கவசமாக அதைப் பிடித்துக்கொண்டால் அதுவும் தப்பிப்பதற்காகச் செய்பவற்றின் பட்டியலில் சேர வேண்டியதே.

அல்பிரஸோலம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சிக்குச் சற்று முன் அதைப் போட்டுக்கொண்டால் கற்றல் மங்கிவிடும். அதற்காகச் சட்டென்று நிறுத்தச் சொல்லக்கூடாது, வலிப்பு வரை போகலாம். அளவைக் குறைப்பது, எழுதிக் கொடுத்த மருத்துவர் படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை. நான் அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவதோடு சரி.

8-வது அமர்வை ஒட்டி, அடங்கியிருந்த தாக்குதல் மறுபடி ஒன்று வரலாம். "எல்லாம் வீணாப்போச்சு" என்று அமர்வைத் தவிர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் உண்டு. தொடக்கத்திலேயே சொல்லிவைத்திருந்தால், அதை ஒரு இலவசப் பயிற்சி வாய்ப்பாக எடுத்துக்கொள்ள முடிகிறது.

கடைசி இரண்டு அமர்வுகளுக்கு நடுவே 2 வாரம் இடைவெளி விடுகிறேன். முடிக்கும்போது, மறுபடி படபடப்பு வந்தால் முதல் நாளிலேயே என்ன செய்வார் என்பதை அவர் கையெழுத்திலேயே எழுதி எடுத்துப்போகிறார். பிறகு 1 மாதத்தில் ஒருமுறை, 3 மாதத்தில் ஒருமுறை அரை மணி நேரச் சந்திப்பு. தாக்குதல் வந்ததா என்று கேட்பதற்கு முன்னால், பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்கிறேன்.