அப்பாவின் மைனருக்குப் புது கிளச்

கினிகத்தேனை ஏற்றத்தில் என்ஜின் மட்டும் கத்தியது, வண்டி ஏறவில்லை. கருகல் வாசம் வேறு. அப்பா விட்டுப்போன 1964 மொரிஸ் மைனர் கார், 1098 சிசி.

ஹட்டனில் மெக்கானிக் பாஸ் முதலில் பெடலின் ஆட்டத்தை அழுத்திப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டொப் கியரில் போட்டு, கிளச்சை விடச் சொன்னார். என்ஜின் நின்றிருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடியது.

“முடிஞ்சிருச்சு தம்பி, கழட்டிருவோம்.”

மைனரில் ஒரு வசதி உண்டு. உள்ளே தரைத் தகட்டைக் கழற்றினால் கியர்பொக்ஸ் தெரியும், அதை எடுத்தால் கிளச். என்ஜினை இறக்கத் தேவையில்லை. தூசியை மட்டும் ஊதக் கூடாது. பழைய கிளச் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால்தான் துடைத்தோம்.

கிளச் பிளேட் ரிவெட் வரை தேய்ந்திருந்தது. பிளேட் உரசும் என்ஜின் சக்கரமான பிளைவீலில் நீலநிறச் சூட்டுத் தழும்புகள், அதைக் கடைசலுக்குக் கொடுத்தோம். நல்லவேளை, பிளேட்டில் எண்ணெய் ஊறவில்லை. இந்த என்ஜினுக்குப் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது, கசிந்தால் நேரே கிளச்சுக்குத்தான் வரும். பெடலை மிதித்தால் கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் என்று சொல்வதும் உண்மையில் ஒரு கரி வளையம்தான். அதையும், கிளச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்தே மாற்றினோம். பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது வீண்வேலை, திரும்பவும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

சாமான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது. பிளேட்டை நடுவில் நிறுத்த பாஸ் பழைய கியர்பொக்ஸ் ஷாஃப்ட் ஒன்றைச் செருகினார். அதற்கே அரை மணி நேரம், மூன்று டீ.

வளைவுகளில் பெடலைப் பாதி மிதித்தபடி பாதிக் கிளச்சில் நிற்கும் பழக்கம் எனக்குத்தான், அதில்தான் பிளேட் தேய்ந்தது. அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.