பச்சைக்கோடு: மத்தீசின் மனைவி முகம்

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1905இல் தன் மனைவி அமேலியை வரைந்த இந்த எண்ணெய் ஓவியம் இப்போது கோபன்ஹேகன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அச்சில் பார்த்துப் பெரிதாக நினைத்துவிடுவோம், உயரம் 40.5 செ.மீ., அகலம் 32.5 செ.மீ.தான்.

நெற்றியிலிருந்து மூக்கு வழியே இறங்கும் பச்சைப்பட்டை வெறும் குறும்பு இல்லை. ஒளியும் நிழலும் சந்திக்கும் இடம் அது. வழக்கமாக அங்கே பழுப்பைக் குழைத்து மெல்லத் தேய்ப்பார்கள். மத்தீஸ் தேய்க்காமல், ஒரு நிறத்தை நிறுத்திவிட்டார். நமக்கு வலப்புறக் கன்னம் இளஞ்சிவப்பு, அதன் பின்னணி பச்சை. இடக்கன்னம் மஞ்சள் சாயல், பின்னணியில் சிவப்பும் ஊதாவும். சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு ஊதா என எதிர்நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவதால் முகம் தட்டையாகிவிடாமல் நிற்கிறது.

நகலெடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் பட்டையில்தான். பச்சை அளவுக்கு மீறிக் கருத்தால் தழும்பாகிவிடும். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அல்லது கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமெடுங்கள். பட்டை கன்னத்தைவிடச் சற்றே இருண்டிருந்தால் போதும். இன்னொன்று, ஈரமான இளஞ்சிவப்பின்மேல் பச்சை உரசினால் சாம்பல் சேறுதான் மிஞ்சும். கன்னம் காயட்டும், இல்லையென்றால் ஓரத்தில் மயிரிழை இடம் விட்டு, தூரிகையைத் துடைத்துவிட்டுத் தீட்டுங்கள்.